இரு வெப்பத்தேக்கங்களுக்கு இடையில் ஒரு குவாண்டம் அமைப்பு: எந்த மாஸ்டர் சமன்பாட்டை நம்புவது?

#1 | இணைப்புவலு

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் முதல் கட்டமாக, ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு நுண்ணலை ஒத்ததிர்விகளைக் கணினியில் மாதிரியாக்கி வருகிறேன். இரண்டின் அதிர்வெண்ணும் 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது சூடான வெப்பத்தேக்கத்தோடும் இரண்டாவது குளிர்ந்த வெப்பத்தேக்கத்தோடும் காமா என்னும் ஒரே தேய்வு வீதத்தில் தொடர்பு கொண்டிருக்கின்றன. ஒத்ததிர்விகளுக்கு இடையிலான பிணைப்பின் வலுவை ஜி என்று குறிக்கிறேன். வெப்பநிலைகள் வேறுபடுவதால் அமைப்பு வெப்பச் சமநிலைக்கு வராது. சூட்டிலிருந்து குளிரை நோக்கி ஓர் ஓட்டம் நிலைத்து நிற்கும். அந்த ஓட்டத்தின் அளவுதான் எனக்கு வேண்டும்.

சூழலோடு தொடர்புள்ள குவாண்டம் அமைப்பின் நிலை காலத்தோடு மாறுவதைச் சொல்லும் மாஸ்டர் சமன்பாடுகளுள் ஒன்றான லிண்ட்பிளாட் சமன்பாட்டை இரண்டு வழிகளில் எழுதிப் பார்த்தேன். முதல் வழியில், ஒவ்வொரு ஒத்ததிர்வியும் தன் தேக்கத்தோடு மட்டும் தொடர்புடையது என்று கொண்டு, அதன் சொந்த அழிப்புச் செயலியையே தேய்வுச் செயலியாக வைத்தேன். இரண்டாவது வழியில், முழு ஹாமில்டோனியனின் இயல்பு அதிர்வுகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையிலான குறுக்கு உறுப்புகளைச் செக்யுலர் தோராயத்தால் (வேகமாக ஊசலாடும் உறுப்புகள் சராசரியில் அழியும் என்று கொள்வது) நீக்கினேன். முதல் வழி தரும் ஓட்டம் ஜி-யைப் பொறுத்து மாறுகிறது. இரண்டாவது வழியில், சூடான தேக்கத்திலிருந்து அமைப்புக்குள் நுழையும் ஓட்டம் ஜி எவ்வளவாக இருந்தாலும் மாறவே இல்லை. அதைவிடக் குழப்பமானது, அதே இரண்டாவது வழியில் ஒத்ததிர்விகளுக்கு இடையிலான ஓட்டச் செயலியின் சராசரியைக் கணக்கிட்டால் துல்லியமாகப் பூச்சியம் வருகிறது. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் ஓட்டம் நடுவில் இல்லாமல் போவது எப்படி? அமைப்பின் நிலையைக் குறிக்கும் அடர்த்தி அணியின் ஐகன் மதிப்புகளில், அதாவது நிகழ்தகவுகளில், எதிர்மம் ஏதும் இல்லை, சுவடும் 1 என்றே இருக்கிறது. அடுத்த கட்டமாக முதல் ஒத்ததிர்வியை வெளியிலிருந்து நுண்ணலையால் இயக்கவும் நேரிலா உறுப்பு ஒன்றைச் சேர்க்கவும் எண்ணியிருப்பதால், அதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

#2 | ஓட்டக்கணக்கு

உங்கள் நிரலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கண்டது அந்தத் தோராயத்தின் உண்மையான முகம். அமைப்பு நேரியல் என்பதால் எல்லாவற்றையும் தாளிலேயே சரிபார்க்கலாம்.

முதல் வழியின் நகர்வுச் சமன்பாடுகளை நிலைத்த நிலையில் தீர்த்தால், வினாடிக்குக் கடக்கும் குவாண்டங்களின் எண்ணிக்கை இப்படி வரும்: 2 × ஜி² × காமா ÷ (காமா² + 4 × ஜி²), இதனை இரு தேக்கங்களின் போஸ் எண்ணிக்கை (அந்த அதிர்வெண்ணிலும் வெப்பநிலையிலும் இருக்கும் சராசரிக் குவாண்டங்கள்) வேறுபாட்டால் பெருக்க வேண்டும். ஜி பூச்சியத்தை நெருங்கும்போது ஓட்டமும் பூச்சியத்தை நெருங்குகிறது. பாலம் இல்லையென்றால் கடப்பதும் இல்லை. ஜி மிகப் பெரிதானால், காமாவில் பாதி × எண்ணிக்கை வேறுபாடு என்னும் எல்லை மதிப்பில் நிற்கிறது.

இரண்டாவது வழியில், கூட்டல் அதிர்வு, கழித்தல் அதிர்வு என்னும் இரண்டும் இரு தேக்கங்களோடும் காமாவில் பாதி வீதத்தில் தொடர்பு கொள்கின்றன. ஒவ்வோர் அதிர்வும் காமாவில் கால் பங்கு ஓட்டத்தைத் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் பாதி. ஜி என்பது இதில் எங்குமே வரவில்லை. ஜி = காமா ÷ 2 என்று வைத்துப் பாருங்கள்: முதல் வழியின் விடை இரண்டாவதன் விடையில் சரிபாதியாக இருக்கும். ஜி = 2 × காமா என்றால் சுமார் 94 விழுக்காட்டை எட்டிவிடும். அதாவது செக்யுலர் தோராயம் ஜி காமாவைவிடப் பலமடங்கு பெரிதாக இருக்கும் எல்லையை மட்டுமே அறியும். இரு இயல்பு அதிர்வுகளின் இடைவெளி 2 × ஜி. அந்த இடைவெளிக்குரிய ஊசலாட்டம் தேய்வைவிட வேகமாக இருந்தால்தான் குறுக்கு உறுப்புகள் சராசரியில் அழியும் என்னும் வாதம் நிற்கும். ஜி சிறிதாகும்போது அவற்றை நீக்க நமக்கு உரிமை இல்லை.

நடுவில் ஓட்டம் பூச்சியமானதற்கும் இதே காரணம்தான். ஒத்ததிர்விகளுக்கு இடையிலான ஓட்டச் செயலியை இயல்பு அதிர்வுகளின் மொழியில் எழுதினால், அது முழுக்க முழுக்க அவ்விரு அதிர்வுகளுக்கு இடையிலான ஒத்திசைவால் ஆனது. எந்த உறுப்பு ஓட்டத்தைச் சுமக்கிறதோ அந்த உறுப்பையே தோராயம் தூக்கி எறிந்துவிட்டது. எல்லை ஓட்டம் ஓரளவு சரியாக இருக்கும் பகுதியில்கூட, உள்ளோட்டத்தை அந்தச் சமன்பாட்டிடம் கேட்கக் கூடாது.

#3 | மில்லிகெல்வின்

நான் செய்முறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் பெரும்பாலும் முதல் வழியைத்தான் கையாளுகிறோம், ஏனெனில் சில்லில் எந்தத் தேக்கம் எந்த ஒத்ததிர்வியைத் தொடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதிர்வெண்கள் வேறுபடும்போது அதுவும் இடறுகிறது. சூடான பக்கத்தில் 6 கிகாஹெர்ட்ஸ் ஒத்ததிர்வி, தேக்கத்தின் வெப்பநிலை 60 மில்லிகெல்வின். குளிர்ந்த பக்கத்தில் 4 கிகாஹெர்ட்ஸ் ஒத்ததிர்வி, வெப்பநிலை 50 மில்லிகெல்வின் என்று வையுங்கள். 1 கிகாஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ 48 மில்லிகெல்வினுக்குச் சமம் என்பதால், சூடான பக்கத்தின் போஸ் எண்ணிக்கை சுமார் 0.008, குளிர்ந்த பக்கத்தின் எண்ணிக்கை சுமார் 0.022. முதல் வழியின் சமன்பாடு எண்ணிக்கை வேறுபாட்டை மட்டுமே பார்ப்பதால், குவாண்டங்கள் குளிரிலிருந்து சூட்டுக்கு ஓடுகின்றன என்று சொல்லும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதை அனுமதிக்காது. அமிகாம் லெவியும் ரோனி கோஸ்லாஃபும் 2014-இல் இந்த முரண்பாட்டை வெளிப்படையாகக் காட்டியபிறகு, முதல் வழியையே கைவிட வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. கைவிடத்தான் வேண்டுமா?

#4 | ஓட்டக்கணக்கு

நல்ல எடுத்துக்காட்டு, எண்களோடு தந்ததற்கு நன்றி. முதலில், அந்த ஏற்பாட்டின் துல்லியமான விடை என்ன என்று பார்ப்போம். பிணைப்பு காலத்தால் மாறாதபோது, நேரியல் அமைப்பில் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணில் நுழைந்து அதே அதிர்வெண்ணில் வெளியேறுகிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இரு தேக்கங்களின் எண்ணிக்கைகளை ஒப்பிட்டு, கடத்துதிறனால் பெருக்கிக் கூட்டுவதே, தேக்கத்தின் இரைச்சலை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் குவாண்டம் லாஞ்சவான் சமன்பாடும் சமநிலை விலகிய கிரீன் சார்பு முறையும் தரும் விடை. ஒரே அதிர்வெண்ணில் ஒப்பிடும்போது சூடான தேக்கத்தின் எண்ணிக்கைதான் எப்போதும் அதிகம். ஆகவே திசை ஒருபோதும் தவறாது. முதல் வழியோ 6 கிகாஹெர்ட்ஸில் ஒரு தேக்கத்தையும் 4 கிகாஹெர்ட்ஸில் மற்றதையும் மாதிரி எடுத்துவிட்டு, இடையிலுள்ள 2 கிகாஹெர்ட்ஸ் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

ஆனால் அந்த 2 கிகாஹெர்ட்ஸை யாராவது கொடுத்தால்? உங்கள் சில்லில் பிணைப்பானை 2 கிகாஹெர்ட்ஸில் அளவுருப் பண்பேற்றம் செய்தால், அதே சமன்பாடு சரியான இயற்பியலாக மாறிவிடுகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் குவாண்டம் ஒன்று பம்பிலிருந்து 2 கிகாஹெர்ட்ஸைப் பெற்று 6 கிகாஹெர்ட்ஸாகச் சூடான தேக்கத்தை அடைகிறது. அது ஒரு குளிர்பதனப் பொறி. அதன் செயல்திறன் கெழு 4 ÷ 2 = 2; கார்னோ எல்லையோ 50 ÷ 10 = 5. இரண்டாம் விதி நிம்மதியாக இருக்கிறது. தேக்கத்தை, அமைப்போடு ஒவ்வொன்றாக மோதும் சிறு துணுக்குகளாகக் கருதும் மோதல் மாதிரியைக் கொண்டு 2018-இல் கேப்ரியேலே டி கியாராவும் உடன் ஆய்வாளர்களும் சொன்னதன் சாரமும் இதற்கு நெருக்கமானதே: முதல் வழியின் சமன்பாட்டுக்குள் வெளியிலிருந்து செய்யப்படும் வேலை ஒன்று மறைந்திருக்கிறது, அதைக் கணக்கில் எழுதினால் முரண்பாடு நீங்கும். ஆகவே சமன்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. அது எந்தப் பொறியை விவரிக்கிறது என்பதை அறிந்து கையாள வேண்டும்.

#5 | முழுநேர்மம்

இரண்டு வழிகளிலும் குறை இருக்கிறதென்றால், இரண்டுக்கும் தாயான ரெட்ஃபீல்ட் சமன்பாட்டுக்கே ஏன் போகக் கூடாது என்னும் கேள்வி இயல்பாக எழும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1957-இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக எழுதிய அந்தச் சமன்பாட்டில் செக்யுலர் தோராயம் கட்டாயமில்லை. ஆனால் அது அடர்த்தி அணியின் நேர்மத்தன்மையைக் காப்பதில்லை. சிறிய எதிர்ம நிகழ்தகவுகள் தோன்றக்கூடும். இதனாலேயே பலர் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.

அந்தத் தயக்கத்தின் வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு பக்கம் உண்டு. 1961-இல் ஜார்ஜ் சுதர்சன், பி. எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகிய மூவரும் குவாண்டம் அமைப்புகளின் வாய்ப்பியல் இயக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அடர்த்தி அணியின் பொது நேரியல் மாற்றங்களை முதலில் ஒழுங்காக ஆராய்ந்த கட்டுரைகளுள் ஒன்று. மேத்யூஸ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவரான சுதர்சன், 1980-களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1976-இல் கோரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் ஒருபுறமும், யோரான் லிண்ட்பிளாட் மறுபுறமும், முழு நேர்மத்தன்மையை (வேறோர் அமைப்போடு பின்னியிருந்தாலும் நிகழ்தகவுகள் எதிர்மமாகாமை) காக்கும் மார்க்கோவ் இயக்கத்தின், அதாவது முந்தைய வரலாற்றை நினைவில் கொள்ளாத இயக்கத்தின், பொது வடிவத்தைத் தனித்தனியே நிறுவினார்கள். அந்தத் தேற்றத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது சொல்வது, நேர்மம் காக்கும் மார்க்கோவ் இயக்கம் இந்த வடிவில் இருக்கும் என்பதை மட்டுமே. இந்த வடிவில் எழுதிய எந்தச் சமன்பாடும் உங்கள் முன்னுள்ள பொருளை விவரிக்கும் என்று அது உறுதியளிக்கவில்லை. இணைப்புவலு அவர்கள் எதிர்ம ஐகன் மதிப்பு இல்லை என்பதைச் சரிபார்த்தது நல்லதே. ஆனால் நடுவில் ஓட்டமே இல்லாத தவறான விடையும் அந்தத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

பெங்களூரு சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்திலிருந்து அர்ச்சக் புர்காயஸ்தா, அபிஷேக் தர், மானஸ் குல்கர்னி ஆகியோர் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறது: இரு போசான் அதிர்வுகள், இரு தேக்கங்கள், துல்லியமான லாஞ்சவான் விடையோடு ஒப்பீடு. தேக்கத்தோடுள்ள பிணைப்பு வலுவற்றதாக இருக்கும் வரை, ரெட்ஃபீல்ட் சமன்பாடு ஜி-யின் இரு எல்லைகளிலும் துல்லியமான விடையோடு ஒத்துப்போகிறது. இரண்டு லிண்ட்பிளாட் வடிவங்களும் தத்தம் பகுதியில் மட்டுமே ஒத்துப்போகின்றன. தேவஷீஷ் துப்கரியோடு சேர்ந்து அவர்கள் 2022-இல் இன்னும் ஒரு படி சென்று, முழு நேர்மத்தன்மை, உள்ளூர் அழிவின்மை விதிகள் (ஒவ்வோர் இடத்திலும் நுழைவதும் வெளியேறுவதும் கணக்கில் ஒத்துப்போதல்), சமநிலைத் தேக்கங்களிடையே சரியான வெப்பநிலைக்கு வருதல் ஆகிய மூன்றையும் வலுவற்ற பிணைப்பில் ஒரு லிண்ட்பிளாட் சமன்பாடு பொதுவாக ஒருங்கே காக்க முடியாது என்று காட்டினார்கள். செக்யுலர் தோராயம் இல்லாமலே நேர்மம் காக்கும் வடிவமாக 2020-இல் நேதனும் ரட்னரும் முன்வைத்த 'உலகளாவிய லிண்ட்பிளாட் சமன்பாடு'கூட உள்ளூர் அழிவின்மையில் தவறுகிறது.

ரெட்ஃபீல்டில் தோன்றும் எதிர்மத்தை எப்படிப் பார்ப்பது என்றால், அது தோராயத்தின் பிழை அளவுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் படிச் சமன்பாட்டின் நிலைத்த நிலையில் நிகழ்தகவுகள் முதன்மைப் படிவரை மட்டுமே நம்பத்தக்கவை. காமா அளவிலான எதிர்மம் அங்கே வந்தால் அது புதிய செய்தி அல்ல. அதைவிடப் பெரிதாக வந்தால், வலுவற்ற பிணைப்பு என்னும் அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது என்று பொருள்.

#6 | இணைப்புவலு

மிக்க நன்றி. ஜி-யை மாற்றி மாற்றி வரைந்து பார்த்தேன்; ஜி = காமா ÷ 2 புள்ளியில் சரிபாதி வருகிறது. இனி வெளி இயக்கத்துக்கு வருகிறேன். 5 கிகாஹெர்ட்ஸில் இயக்கி, அந்த அதிர்வெண்ணில் சுழலும் சட்டகத்துக்கு மாறினால் ஹாமில்டோனியன் காலத்தைச் சாராததாகிவிடுகிறது. அதன் ஐகன் நிலைகளைக் கொண்டு மேலே சொன்ன ரெட்ஃபீல்ட் வழியை அப்படியே பின்பற்றலாமா?

#7 | மில்லிகெல்வின்

அப்படியே பின்பற்றாதீர்கள். சுழலும் சட்டகத்தில் எஞ்சியிருக்கும் அதிர்வெண்கள் சில மெகாஹெர்ட்ஸ் அளவே இருக்கும். 50 மில்லிகெல்வினில் 5 மெகாஹெர்ட்ஸை போஸ் சார்பில் இட்டால் எண்ணிக்கை 200-க்கு மேல் வரும். உண்மையில் தேக்கம் பார்ப்பது 5 கிகாஹெர்ட்ஸை, அதற்கான எண்ணிக்கை 0.01-க்கும் கீழே. சட்டகத்தை மாற்றுவது நம் கணித வசதி, அதற்காக வெப்பத்தேக்கம் தன் அதிர்வெண்களை மாற்றிக்கொள்வதில்லை. சட்டகத்தில் கிடைக்கும் ஒவ்வொரு தாவல் அதிர்வெண்ணோடும் இயக்க அதிர்வெண்ணைத் திரும்பக் கூட்டி, அந்த இடத்தில் தேக்கத்தின் நிறமாலையை மதிப்பிட வேண்டும்.

நேரியல் நிலையில் இந்தக் கவலையும் குறைவு. சீரான இயக்கம் ஒத்ததிர்விகளின் வீச்சை இடம்பெயர்க்கிறது, அவ்வளவே. அந்தச் சராசரியைச் சுற்றியுள்ள வெப்ப ஏற்ற இறக்கங்களின் சமன்பாடு மாறுவதில்லை. ஆகவே வெப்ப ஓட்டம் முன்பிருந்ததுதான், அதன்மேல் ஒத்திசைந்த ஓட்டம் ஒன்று கூடும். இயக்கத்தின் விளைவைப் படிக்க விரும்பினால் நேரிலா உறுப்பு கட்டாயம்.

#8 | ஓட்டக்கணக்கு

அதன் பொதுவடிவம் ஃப்ளோக்கே–மார்க்கோவ் முறை. ஜான் ஷெர்லி 1965-இல் காட்டியபடி, காலமுறையில் இயங்கும் ஹாமில்டோனியனுக்குக் குவாசி ஆற்றல்கள் (ஆற்றல் போன்றவை, ஆனால் இயக்க அதிர்வெண்ணின் மடங்குகள் வரை மட்டுமே வரையறுக்கப்படும் எண்கள்) உண்டு. தேக்கம் பார்ப்பதோ குவாசி ஆற்றல்களின் வேறுபாட்டோடு இயக்க அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளைக் கூட்டிக் கிடைக்கும் எல்லாத் தாவல்களையும். ஒரே இணை நிலைகளுக்கு இடையே இப்படிப் பல தாவல்கள் ஒருசேர நடப்பதால், ஒற்றைத் தேக்கம் இருந்தாலும் நிலைத்த நிலை பொதுவாகக் கிப்ஸ் வடிவம், அதாவது வெப்பச் சமநிலைப் பரவல், எடுக்காது. குவாசி ஆற்றலை ஆற்றல்போல் பாவித்து போல்ட்ஸ்மான் காரணியை எழுதுவது பரவலாகக் காணப்படும் பழக்கம், தவிர்க்க வேண்டியதும்கூட.

இரு நிலை அணு ஒன்றை வலுவாக இயக்கும்போது, 1969-இல் பென்ஜமின் மாலோ கணித்த மூன்று கோடுகள் தோன்றுகின்றன: நடுவில் இயக்க அதிர்வெண், இருபுறமும் ராபி அதிர்வெண் (இயக்கத்தின் வலுவால் அமையும் ஊசலாட்ட வீதம்) தொலைவில் இரண்டு. தேக்கத்தின் நிறமாலை இம்மூன்று இடங்களிலும் சமமாக இருந்தால், இயக்கமே இல்லாததுபோல் எழுதிய எளிய தேய்வுச் செயலி போதுமானது. ஒடுக்கமான வடிகட்டி ஒன்று நடுவே இருந்து, அதன் அகலம் ராபி அதிர்வெண்ணோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால், தேய்வு வீதங்களே இயக்க வலுவைச் சார்ந்து மாறும். மீக்கடத்திக் குபிட் ஒன்றை இயக்கத்தோடு பூட்டிவைத்து, அதன் தளர்வு வீதத்திலிருந்து ராபி அதிர்வெண்ணிலுள்ள இரைச்சலை அளக்கும் முறை 2013-இல் செய்து காட்டப்பட்டது. தேய்வு, இயக்கத்தைச் சார்ந்தது என்பதையே அங்கே அளவுகோலாக்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குவாசி ஆற்றல்கள் இயக்க அதிர்வெண்ணின் அகலத்துக்குள் மடிந்து விழுபவை. படிநிலைகள் பல கொண்ட ஒத்ததிர்வியில், வெகு தொலைவிலுள்ள நிலைகளும் மடிந்து வந்து ஒன்றையொன்று நெருங்கும். நெருங்கும் இடங்களில் இடைவெளி காமாவைவிடச் சிறிதாகலாம். செக்யுலர் தோராயம் அங்கே மறுபடியும் உடையும். முதல் பதிவில் நீங்கள் கேட்ட கேள்வி முழுவதும் ஃப்ளோக்கே உடையில் திரும்பி வரும்.

#9 | தடப்பதிவு

கணிப்புச் சுமையைப் பற்றி ஒரு சொல். 10 குபிட்டுகளுக்கு அடர்த்தி அணியில் பத்து லட்சத்துச் சொச்சம் உறுப்புகள். அதன்மேல் செயல்பட்டு அதன் கால மாற்றத்தைத் தரும் லியூவில்லியன் அணியை முழுதாக எழுதினால் ஒரு லட்சம் கோடிக்கு மேல். லிண்ட்பிளாட் வடிவம் கைகொடுக்கும் இடம் இது: 1990-களின் தொடக்கத்தில் டலிபார், காஸ்டின், மோல்மர் மூவரும், வேறு சில குழுக்களும் தந்த குவாண்டம் தாவல் முறையில், 1,024 உறுப்புகள் கொண்ட அலைச் சார்பைப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்தால் போதும். ரெட்ஃபீல்டுக்கு இந்த வசதி நேரடியாகக் கிடைக்காது, ஏனெனில் எதிர்ம வீதத்துக்குத் தாவல் நிகழ்தகவு என்று ஒன்று இல்லை.

கெர் நேரிலாமையை (ஃபோட்டான் எண்ணிக்கையோடு அதிர்வெண் மாறும் தன்மை) சேர்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒற்றை ஒத்ததிர்வியை எடுத்துக்கொள்ளுங்கள். சுழிய வெப்பநிலையில் இயக்கப்படும் கெர் ஒத்ததிர்வியின் நிலைத்த நிலைக்கு டிரம்மண்டும் வால்ஸும் 1980-இல் துல்லியமான விடை தந்திருக்கிறார்கள். செவ்வியல் சமன்பாடு இரண்டு நிலையான விடைகளைக் காட்டும் பகுதியில், குவாண்டம் நிலைத்த நிலை ஒன்றே ஒன்றாக இருக்கும். ஆனால் லியூவில்லியனின் ஐகன் மதிப்புகளில் ஒன்று பூச்சியத்துக்கு மிக அருகில் வந்துவிடும். அந்த மதிப்பின் தலைகீழ்தான் இரு கிளைகளுக்கு இடையே தாவ ஆகும் காலம். போதிய நேரம் ஓட்டாமல் நிறுத்தினால், எந்தத் தொடக்க நிலையில் தொடங்கினீர்களோ அதற்கேற்ற கிளையை நிலைத்த நிலை என்று எண்ணிவிடுவீர்கள். பிரின்ஸ்டனில் 72 ஒத்ததிர்விகளைச் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் டிரான்ஸ்மான் என்னும் மீக்கடத்திக் குபிட் ஒன்றை வைத்து 2017-இல் வெளியிட்ட சோதனையிலும் இத்தகைய இருநிலைத் தன்மையும் மெதுவான தாவலும் காணப்பட்டன. ஃபோட்டான் எண்ணிக்கைப் படிநிலைகளாலான ஃபோக் அடுக்கை எங்கே வெட்டுகிறீர்கள் என்பதையும் மேல்கிளையின் ஃபோட்டான் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். கீழ்க்கிளைக்குப் போதுமான வெட்டு மேல்கிளையையே இல்லாமல் செய்துவிடும்.

#10 | முழுநேர்மம்

தேக்கத்தின் நினைவு நீளும்போது மேலே சொன்ன எதுவும் போதாது என்பதையும் பதிவு செய்கிறேன். மீக்கடத்திச் சுற்றுகளில் காணப்படும், அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் காந்தப்பாய இரைச்சலுக்கு மார்க்கோவ் தோராயமே பொருந்தாது. அங்கே தனிமுராவும் குபோவும் 1989-இல் தொடங்கிவைத்த படிநிலைச் சமன்பாடுகள், அல்லது ஃபெய்ன்மன்–வெர்னன் செல்வாக்குச் சார்பை டென்சர் வலையாகச் சுருக்கும் 2018-க்குப் பிந்தைய முறைகள் வேண்டும். உங்கள் தற்போதைய கணக்குக்கு அவை தேவைப்படாது. தேக்கங்கள் அகன்ற பட்டை கொண்ட செலுத்துதடங்கள் என்றால் ரெட்ஃபீல்டே போதும்.

#11 | இணைப்புவலு

செலுத்துதடங்கள்தாம்; ஆனால் சூடான பக்கத்தில் சுமார் 30 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி ஒன்று இருக்கிறது. ராபி அதிர்வெண்ணை 20 மெகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோக நினைத்திருந்தேன்.

#12 | ஓட்டக்கணக்கு

அப்படியானால் வடிகட்டியைத் தேக்கத்தின் பகுதியாக வைக்காதீர்கள். அதை மூன்றாவது ஒத்ததிர்வியாக அமைப்புக்குள் சேர்த்து, அதற்கு அப்பாலுள்ள தட்டையான தடத்தைத் தேக்கமாகக் கொள்ளுங்கள். அணி பெரிதாகும், ஆனால் வீதங்கள் இயக்கத்தைச் சார்ந்து மாறும் விளைவு தானாகவே கணக்குக்குள் வந்துவிடும். நேரிலா உறுப்பைப் பூச்சியமாக்கி லாஞ்சவான் விடையோடு முதலில் ஒப்பிடுங்கள். பிறகு சூடான முனை, வடிகட்டிக்கும் முதல் ஒத்ததிர்விக்கும் இடை, இரு ஒத்ததிர்விகளுக்கு இடை, குளிர்ந்த முனை ஆகிய நான்கு இடங்களிலும் ஓட்டத்தைத் தனித்தனியே கணக்கிட்டு இங்கே இடுங்கள். இயக்கத்தின் வழியே நுழையும் குவாண்டங்களைக் கழித்தபின்னும் அவை ஒத்துப்போகவில்லை என்றால், எந்த உறுப்பு விடுபட்டது என்பதை அந்த நான்கு எண்களிலிருந்தே தேடலாம்.